ஜாப் வேடம் அவமானமா?

கேள்வி: அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்களில் வரும் துப்பறிவாளர் புவாரோவாகவே வாழ்ந்த நடிகர் டேவிட் சூஷேயை, 'தர்ட்டீன் அட் டின்னர்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் பீட்டர் உஸ்தினோவ் புவாரோவாக நிற்க, வெறும் இன்ஸ்பெக்டர் ஜாப்பாக இறக்கிவிட்டார்களே! எங்கள் டீக்கடையில் எல்லோருக்கும் இதே வருத்தம். இது அவமானம் இல்லையா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வருத்தப்படுவதற்கு முன்னால் வருஷத்தைப் பார்த்திருக்கலாம். அந்தப் படம் 1985-இல் வந்தது. சூஷே புவாரோவானது 1989-இல். ஜாப்பாக நடித்தவர்தான் பிறகு புவாரோவாகி, 2013 வரை 70 கதைகளில் நடித்தார். யாரும் அவரை இறக்கவில்லை.

அதைவிட, 'வெறும் இன்ஸ்பெக்டர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. குன்னூரில் ஒரு திருவிழா நாடகம் பார்த்தேன். போலீஸ்காரராக வந்தவருக்கு மூன்றே வசனம். அவர் மேடையேறியதும் தொப்பியைக் கழற்றி, அதில் படிந்திருந்த பனி ஈரத்தை முழங்காலில் தட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். கதாநாயகன் முகம் மறந்துவிட்டது, அந்தத் தொப்பி மறக்கவில்லை.

நடிகை ஜோன் ஹிக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-இல் மார்கரெட் ரூதர்ஃபோர்ட், கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளாக நடித்த படத்தில் ஹிக்சனுக்கு வீட்டு வேலைக்காரி வேடம். அதற்கும் முன்னால், 1946-இல், ஒரு நாடகத்தில் அவரைப் பார்த்த அகதா கிறிஸ்டி, ஒரு நாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று எழுதியனுப்பியிருந்தார். அந்த நாள் 1984-இல் வந்தது. ஹிக்சனுக்கு அப்போது 78 வயது. கிறிஸ்டி காலமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. 1992-க்குள் பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களையும் நடித்து முடித்தார். இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு நிறைகிறது.

சரி, ஜாப்புக்கு வருவோம். 'தர்ட்டீன் அட் டின்னர்' எந்த நாவலோ, அதே 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' 2000-இல் மறுபடி படமானது. இந்தத் தடவை சூஷே புவாரோ. அவர் பதினைந்து வருஷத்துக்கு முன் போட்ட ஜாப் வேடத்தில் ஃபிலிப் ஜாக்சன். இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள். எந்த ஜாப் பிடித்தது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.