பழைய மோட்டார் படகில் கழிப்பறைக் கழிவுத் தொட்டி எங்கே இருக்கும், ஒழுகினால் என்ன செய்வது?

1980-களில் கட்டிய அமெரிக்கப் படகு, வரைபடம் இல்லை, உள்ளே நாற்றம் என்கிறீர்கள். மேல்தளத்தில் தொடங்குங்கள். 'வேஸ்ட்' என்று பொறித்த மூடியிலிருந்து கீழே இறங்கும் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் தொட்டி வந்துவிடும். பெரும்பாலும் முன்னறைப் படுக்கைக்கு அடியிலோ எஞ்சின் அறையிலோ இருக்கும்.

தொட்டியைப் பழிக்கும் முன் குழாயைச் சோதியுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் சுற்றி, ஆறியதும் முகர்ந்து பாருங்கள் (மூக்கைப் பொத்திக்கொண்டு செய்ய முடியாத வேலை!). துணி நாறினால் குழாயைத்தான் மாற்ற வேண்டும். தொட்டிக்குள் காற்று போய்வரும் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்திருக்கும்போது கழிவை உறிஞ்சி எடுத்தால் தொட்டி உள்வாங்கி விரிசல் விடலாம்.

பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) தொட்டியில் எப்பாக்சி பசை சரியாகப் பிடிக்காது, பிளாஸ்டிக் வெல்டிங்தான். அலுமினியத்தைச் சிறுநீர் அரித்திருந்தால் ஒட்டுப்போடாமல் தொட்டியையே மாற்றிவிடுங்கள். எதுவானாலும் முதலில் கரையில் உள்ள உறிஞ்சு நிலையத்தில் காலிசெய்து கழுவுங்கள். கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கொட்டுவது அமெரிக்காவில் சட்டவிரோதம்.