16 அனலாக் லைனை ஆஸ்டரிஸ்க்ல இணைக்க கார்டு நல்லதா, கேட்வே நல்லதா?

ஆஸ்டரிஸ்க்ங்கறது கம்ப்யூட்டரையே ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்சா மாத்தற ஃப்ரீ சாஃப்ட்வேர். அதுல சாதாரண டெலிபோன் லைனைச் சேர்க்க, கம்ப்யூட்டருக்குள்ள சொருகற கார்டா, நெட்வொர்க்ல சேர்ற தனிப் பொட்டியான கேட்வேயாங்கறது ரெண்டாவது கவலைங்க. பார்ட்டி போனை வெச்சுட்டான்னு உங்க சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்? அதை மொதல்ல யோசிங்க, நான் யோசிக்காம மாட்டிக்கிட்டவன்.

திருப்பூர்ல ஒரு லாரி புக்கிங் ஆபீஸ், 12 லைன். பழைய கம்ப்யூட்டர்ல ஆஸ்டரிஸ்க் போட்டு 4 போர்ட் கார்டு மூணு சொருகினேன். எக்ஸ்சேஞ்ச் லைன் வர்ற போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்ஓன்னு பேரு, போன் கருவி மாட்டற போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்எஸ்; ஆனா எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்கு கான்ஃபிக்ல எஃப்எக்ஸ்எஸ் சிக்னலிங்னு தலைகீழா எழுதணும், அதுலயே ஒரு நாள் போச்சு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் ஓடுச்சு. திங்கக்கிழமை எட்டரைக்கு முதலாளி போன், "ஏனுங்க தம்பி, எல்லா லைனும் என்கேஜ்டாமா, பார்ட்டிக செல்லுல கூப்புட்டுத் திட்றாங்க". போய்ப் பார்த்தா வாய்ஸ்மெயில்ல மணிக்கணக்குல வெறும் என்கேஜ் டோன் ரெக்கார்டு ஆயிருக்கு. ஞாயித்துக்கிழமை கூப்ட்டவங்க வெச்சுட்டுப் போயிட்டாங்க, அதைச் சொல்ற சிக்னல் லைன்ல வரல, சிஸ்டம் லைனை விடவே இல்ல.

எக்ஸ்சேஞ்சுல சொல்லி போலாரிட்டி ரிவர்சல் (போனை வெச்சதும் லைன்ல பிளஸ் மைனஸை மாத்திக் காட்டறது) போட வெச்சா சுத்தமா முடியும். எனக்கு அஞ்சு லைனுக்குத்தான் கெடச்சுது. மீதிக்கு பிஸி டிடெக்ட், அதாவது என்கேஜ் டோனை சிஸ்டமே கேட்டுக் கண்டுபுடிச்சு லைனை விடறது: நம்ம நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் செகண்டு சத்தம், முக்கால் செகண்டு கேப், அதனால பேட்டர்ன் 750,750, கவுண்ட் 4 (நாலு தடவை கேட்டாத்தான் கட்). கவுண்ட்டக் கொறச்சா பேசிட்டு இருக்கறப்பவே கட் ஆகும். வாய்ஸ்மெயிலுக்கும் 3 நிமிஷம் லிமிட் வெச்சிருங்க.

பிஆர்ஐ (டிஜிட்டல் டெலிபோன் லைன்) எடுத்தா ஒரே கனெக்‌ஷன்ல 30 கால் வருமேன்னு கமெண்ட்டுக்கு வராதீங்க, எனக்கும் தெரியும். வருஷக்கணக்கா ரசீதுல அச்சடிச்ச நம்பரை மாத்தவே மாட்டேன்னுட்டார் முதலாளி, நான் என்ன பண்றது? இத்தனைக்கும் பேசுன காசுல பாதிதான் வந்துச்சு. முதலாளியோட மச்சினன் ஏதோ நெட்வொர்க் படிச்சவராம், "ஃப்ரீ சாஃப்ட்வேருக்கு எதுக்கு மாமா காசு"ன்னாராம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டோன் கேட்டுட்டு ஒக்காந்திருந்தது யாரு, அவரா?

சரி, உங்க 16 லைனுக்கு 8 போர்ட் கேட்வே ரெண்டு வாங்குங்க. இடி எறங்குனா பெரும்பாலும் அந்தப் பொட்டியோட போயிரும், கார்டுன்னா மதர்போர்டையும் சேத்து இழுத்துட்டுப் போகும், ஐப்பசி மழையில நான் பட்டுட்டேன். க்ரோன்ல (லைன் வயரெல்லாம் வந்து சேர்ற கனெக்டர்) சர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்க, போட்டுட்டு எர்த் வயர் எங்க போய் முடியுதுன்னு நீங்களே புடிச்சுட்டே போய்ப் பாருங்க. எங்க ஆபீஸ்ல அதை ஜன்னல் கம்பில கட்டி வெச்சிருந்தாங்க.