கார் ஃப்ளோர் இத்துப்போனால் காசு போடலாமா? டிங்கரின் பதில்கள்

திருவாரூரில் இருபத்தாறு வருடமாக டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். அடைமழை விட்டுத் தை பிறந்ததும் காருக்குள் கால்மிதி மேட்டைத் தூக்கிப் பார்த்துப் பதறியவர்கள் வரிசையாகக் கேட்பார்கள். இந்த வருடம் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

வேதாரண்யத்திலிருந்து: அண்ணே, என்னுடையது 2009 மாருதி 800. டிரைவர் காலடியில் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. டிங்கர் 22,000 ரூபாய் கேட்கிறார். வண்டியே 45,000 தான் போகும் என்கிறார்கள். பாதி விலையைத் தகட்டில் போடுவதா?

தம்பி, அந்த 45,000 ஃப்ளோர் நன்றாக இருக்கும் வண்டிக்குச் சொன்ன விலை. ரோடு தெரிகிற வண்டிக்கு யாரும் அதைத் தர மாட்டார்கள். இப்படியே விற்றால் என்ன கிடைக்கும், அதோடு இன்னும் எவ்வளவு போட்டால் இதே அளவு ஓடுகிற வேறு வண்டி கிடைக்கும் என்று பாருங்கள். 22,000-ஐ அந்தத் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும். 2024-இல் ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) புதுப்பித்திருந்தால் 2029 வரை ஓட்டலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆனால் காசுக் கணக்குக்கு முன்னால் துரு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஓட்டை பெரிதா சிறிதா என்பது இரண்டாவது விஷயம். 800-க்குத் தனியாக சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் சேஸிஸ். ஒரு தட்டை ஸ்குரூ டிரைவரை எடுத்து, ஓட்டையின் ஓரத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகக் குத்திக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும். இத்த தகடு பொத்தென்று உள்ளே வாங்கும். கால் வைக்கிற தட்டையான இடத்தில் மட்டும் உள்வாங்கினால் பயமில்லை, தாராளமாகச் செய்யலாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், சீட்டும் சீட் பெல்ட்டும் போல்ட் ஆகியிருக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம், இவற்றில் உள்வாங்கினால் வேலை வேறு, கூலியும் வேறு. இரண்டு பக்கக் கதவடியும் போய், சஸ்பென்ஷன் பிடிப்பும் போயிருந்தால் நான் வேலையை எடுக்க மாட்டேன். அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

போன ஐப்பசியில் தலைஞாயிறு பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. பிரேக் போட்டால் டிரைவர் சீட் லேசாக முன்னால் அசைகிறது என்றார்கள். கார்ப்பெட்டைப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. சீட் போல்ட்டைக் கழற்றினேன். நட்டோடு சேர்ந்து உள்ளங்கை அகலத் தகடு அப்படியே கையோடு வந்தது. விரலால் நசுக்கினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்த சீட்டில் உட்கார்ந்துதான் வண்டிக்காரர் தினமும் நாகப்பட்டினம் போய் வந்திருக்கிறார்.

மன்னார்குடியிலிருந்து: பழைய தகட்டின் மேலேயே புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்து, தார் பூசிப் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். சரியா சார்?

வேண்டாம் சார். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும். துரு உள்ளேயே இருந்து புதுத் தகட்டையும் தின்னும். மேலே தார் இருப்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஃபைபர் ஒட்டித் தருவதும் இதே கதைதான், ஓட்டை மறையுமே தவிர பலம் வராது.

பளபளவென்று நல்ல இரும்பு தெரியும் வரை இத்ததை வெட்டி எடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு 20 கேஜ் தகட்டை வளைத்துப் பொருத்தி, சிஓ2 வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டு மின்சாரத்தில் வைக்கும் வெல்டிங்) சிறு சிறு புள்ளியாக வைத்து மூட வேண்டும். கேஸ் வெல்டிங் சூடு அதிகம், மெல்லிய தகடு நெளிந்துவிடும். பிறகு ஜாயின்ட்டில் தண்ணீர் புகாதபடி சீலர், மேலும் கீழும் பிரைமர், அடியில் துருவைத் தடுக்கும் அண்டர்கோட் பூச்சு. வெட்டிய பிறகு ஒன்று, வெல்டிங் முடிந்து ஒன்று, பிரைமர் அடித்து ஒன்று என்று மூன்று போட்டோ கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

நாகப்பட்டினத்திலிருந்து: பொலேரோவில் மீன் பெட்டி ஏற்றுகிறேன். பின்பக்கத் தரை முழுக்க ஓட்டை.

பொலேரோவுக்கு சேஸிஸ் தனி, பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தரை ஓட்டையானாலும் மாற்றிப் போடலாம். ஆனால் சேஸிஸையும், பாடி அதில் உட்காரும் இடங்களையும் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் ஒழுகாதபடி பெட்டிக்கடியில் ஓரம் உயர்ந்த தட்டு வைக்காவிட்டால் புதுத் தரையும் இதே கதிக்கு வரும்.

கும்பகோணத்திலிருந்து: வண்டி வாங்கி நான்கே வருடம். கடற்கரைப் பக்கமே போனதில்லை. இடது பக்கக் காலடியில் துரு. எப்படி ஐயா?

ஏசி தண்ணீராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏசியைப் போட்டுப் பத்து இருபது நிமிடம் நிறுத்தி வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் வண்டிக்கடியில் சொட்டு விழ வேண்டும். விழாவிட்டால் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டு உள்ளே வழிகிறது. வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவராக இருந்தால் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடையையும் திறந்து பாருங்கள். இலை மக்கி அடைத்திருந்தால் மழைத் தண்ணீர் அந்த வழியாகவும் இறங்கும். ஈரத்தைத் தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் அது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒழுக்கை அடைக்காமல் தகடு மாற்றாதீர்கள், இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள். மேல்துருவாக மட்டும் இருந்தால் வெல்டிங்கே தேவையில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவம்) தடவி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் போதும்.

ஒரத்தநாட்டிலிருந்து: டிக்கியில் யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றினால் கெடுமா?

கெடும். இரண்டும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதிலும் பொட்டாஷ் உப்பு இனம். சிந்தியது ஸ்டெப்னி பள்ளத்தில்தான் போய்த் தங்கும். படுதா விரித்து ஏற்றுங்கள், இறக்கியதும் ஸ்டெப்னியைத் தூக்கிக் கழுவித் துடையுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: இன்சூரன்ஸில் கிடைக்குமா?

நாள்பட்ட துருவுக்குக் கிடைக்காது. வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தால், ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும் பட்சத்தில், அப்போதே போட்டோ எடுத்துச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, கார்ப்பெட்டை உடனே கழற்றிக் காயவைத்த வண்டிகள் தப்பின. அப்படியே விட்டவை இரண்டு வருடத்தில் என்னிடம் வந்தன.

மயிலாடுதுறையிலிருந்து: அப்பாவின் அம்பாசடர். அவர் போய் மூன்று வருடமாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. அடியெல்லாம் துரு. விற்க மனம் வரவில்லை. செலவு செய்தால் முட்டாள்தனமா அண்ணே?

இல்லை தம்பி. அப்பா கை பட்ட ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. விற்கும்போது போட்ட காசு திரும்பும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அம்பாசடர் 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் தகடு கனமானது, வெல்டிங்கை நன்றாகத் தாங்கும். மண் தரைக் கொட்டகையாக இருந்தால் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் வண்டியை சிமென்ட் தரைக்கு மாற்றுங்கள்.

மொத்த வேலைக்கும் இப்போதே விலை பேச வேண்டாம். சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றி, அடியைக் கழுவித் தட்டிப் பார்க்க மட்டும் ஒரு கூலி கொடுங்கள். உள்ளே இருப்பது தெரிந்த பிறகு மீதியைப் பேசலாம். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயர் கழற்றியிருக்கிறதா, பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் ஒதுக்கியிருக்கிறதா, பக்கத்தில் தண்ணீரும் மணலும் இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். மாசி, பங்குனிக்குள் கொண்டு வந்துவிடுங்கள். அந்த வெயிலில் பிரைமர் நன்றாகக் காயும்.