கேம் புதிது, டேப்பெட் பழையது: சரிவருமா?

கேள்வி: லாரியில் இருப்பது கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர், 12 வால்வ் இன்ஜின். கேமில் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு லோப் (அதிலுள்ள முட்டை வடிவ மேடு) தேய்ந்துவிட்டது. புதுக் கேம் வாங்கியாயிற்று. டேப்பெட்டுகள் (லோபின் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தூக்கும் துண்டுகள்) பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றையே போடலாமா?

பதில்: கூடாது. 12 டேப்பெட்டையும் மாற்றுங்கள். இந்த வகை டேப்பெட் லோபின் மேல் வெறுமனே உரசிக்கொண்டிருப்பதில்லை, ஒவ்வொரு தூக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழல்கிறது. அதனால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. ஓடிய டேப்பெட்டின் அடி தன் பழைய லோபுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். புது லோபின் மேல் அதை உட்காரவைத்தால் சுழற்சி நின்றுபோகும். நின்ற டேப்பெட் உளியைப் போல லோபைச் சீவ ஆரம்பிக்கும். ஒரு லோப் போன இன்ஜினில் இரும்புத் துகள் ஆயிலோடு எங்கும் போயிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஆயில் சம்பை (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றிக் கழுவாமல் புதுக் கேமைப் போடுவது வீண் செலவு.

கேள்வி: இன்ஜினை இறக்காமல் கேமை உருவ முடியுமா? டேப்பெட் மேல்வழியாக வரவில்லையே?

பதில்: வராது. காளான் மாதிரி அடி அகலமாக இருப்பதால் கீழ்வழியாகத்தான் வரும். ஆனாலும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ரேடியேட்டரையும் முன் கியர் கவரையும் கழற்றுங்கள். வால்வை அமுக்கும் ராக்கர், ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டீசல் லிஃப்ட் பம்ப்பை மறந்துவிட்டுப் பலர் கேமை இழுக்கிறார்கள். அதுவும் கேமில்தான் ஓடுகிறது, முதலில் அது வெளியே வர வேண்டும். கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) சுற்றி, கியர்களிலுள்ள டைமிங் மார்க்கைச் சேர்த்துவைத்து, இன்ஜெக்ஷன் பம்ப் கியருக்கும் கேம் கியருக்கும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி டேப்பெட். புஷ் ராடு துளை வழியாக மரக் குச்சியை டேப்பெட்டுக்குள் இறுக்கமாகச் செருகி மேலே இழுத்து, இரண்டிரண்டு குச்சியாக ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். 12 டேப்பெட்டும் மேலே தொங்கும். கேம் கியரின் துளை வழியாக, கேமை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பிளேட்டின் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கேம் முன்பக்கமாக வரும். இரண்டு கையாலும் தாங்கி, மெல்லச் சுழற்றியபடி உருவுங்கள். லோபின் விளிம்பு, கேமைத் தாங்கும் முன் புஷ்ஷில் ஒருமுறை கீறினால் அந்த புஷ்ஷையும் மாற்ற வேண்டிவரும்.

பிறகு கேம் இருந்த பொந்தின் முழு நீளத்துக்கும் ஓடுகிற தொட்டிக் கருவியை (வாய் திறந்த அரைக் குழாய் மாதிரியானது) செருகி, ஒரு டேப்பெட்டை அதில் இறக்கி வெளியே இழுங்கள். ஒவ்வொன்றாகத்தான். புதியதை ஏற்றுவதும் இதே வழியில், தலைகீழாக.

புதுக் கேமில் பூசியிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயைக் கழுவித் துடைத்துவிட்டு, லோபுகளிலும் டேப்பெட் அடியிலும் மாலிப்டினம் அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள். ஜர்னலுக்கு (கேம் தாங்கப்பட்டுச் சுழலும் உருண்டைப் பகுதி) இன்ஜின் ஆயில் போதும். மாட்டியபின் கியர் பல்லின் ஆட்டத்தையும் கேமின் முன்பின் ஆட்டத்தையும் டயல் கேஜ் வைத்து மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: வால்வ் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில்) எவ்வளவு?

பதில்: இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.50 மி.மீ. முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டி.டி.சி.யில் (காற்றை அமுக்கி பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) 1, 2, 4 சிலிண்டர்களின் இன்டேக்கும் 1, 3, 5 எக்ஸாஸ்டும் வைத்துவிட்டு, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி மீதி ஆறையும் வையுங்கள்.

கேள்வி: முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விட்டுச் சத்தம் கேட்கலாமா?

பதில்: அதைத்தான் செய்யக் கூடாது. லோபுக்குப் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிக்கும் ஆயில்தான் கிடைக்கிறது. ஐடிலில் தெறிப்பு குறைவு. வேகம் குறைய லோபின் மூக்கில் ஸ்பிரிங்கின் அழுத்தமும் கூடுதல். ஆயில் ஃபில்டரை நிரப்பி மாட்டுங்கள். டீசல் லைனில் காற்றைக் கைப் பம்ப்பால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டரை நீளமாக ஓட்டினால் பேஸ்ட் முழுக்க வழிந்துவிடும். பிடித்ததும் ஆயில் பிரஷரைப் பாருங்கள். வந்தவுடன் 1500 ஆர்.பி.எம்.முக்கும் 2000க்கும் இடையே வேகத்தை ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் ஒழுகினாலோ சூடு ஏறினாலோ தயங்காமல் நிறுத்திச் சரிசெய்யுங்கள்; விட்ட இடத்திலிருந்து மீதி நிமிடத்தை ஓட்டிக்கொள்ளலாம். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளில் காந்தம் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இன்னொரு லாரியில் ஐட்லர் கியர் (கிராங்க் கியருக்கும் கேம் கியருக்கும் நடுவில் சுழலும் கியர்) உண்டு. மார்க் சேர்த்துப் பூட்டி, கிராங்கை இரண்டு சுற்று சுற்றினேன். மார்க் சேரவில்லை. பல் தவறிவிட்டதா?

பதில்: அவசியமில்லை. நடுவில் ஐட்லர் இருந்தால் அதன் மார்க் பல சுற்றுக்குப் பிறகுதான் மறுபடி சேரும். பூட்டும்போது சேர்ந்திருந்ததா என்பதுதான் கணக்கு. சந்தேகம் இருந்தால் முதல் சிலிண்டர் டி.டி.சி.யில் வால்வ் அசைவைப் பாருங்கள். உண்மையிலேயே தவறியிருந்தால் சின்ன விஷயமில்லை: கேம் கியரில் 72 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் தவறியது கிராங்கில் 10 டிகிரி. டீசல் இன்ஜினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே அவ்வளவு இடம் கிடையாது. அதனால் முதல் சுற்றுகளை எப்போதும் கையால் சுற்றுங்கள். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: சில நாள் ஓடியபின் ஒரே டேப்பெட் மட்டும் சத்தம் போடுகிறது. டைட் வைத்தால் (வால்வ் இடைவெளியைத் திரும்பச் சரிசெய்தால்) நிற்கிறது, மறுபடி வருகிறது.

பதில்: அந்த லோப் போய்க்கொண்டிருக்கிறது. இனி டைட் வைக்காதீர்கள். ராக்கர் கவரைத் திறந்து, டயல் கேஜை அந்தப் புஷ் ராடின் தலையில் வைத்துத் தூக்கலை அளந்து, பக்கத்துச் சிலிண்டரின் அதே வகை வால்வோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் கேமையும் டேப்பெட்டையும் மறுபடி வெளியே எடுக்க வேண்டியதுதான்.