மூன்றாம் நாளைத் தாண்டுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்: புகையை நிறுத்துதல்

கேள்வி: வயது 46. பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக நாளைக்குப் பதினைந்து சிகரெட். காலையில் எழுந்ததும் காபியோடு முதல் சிகரெட். மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன், மூன்று முறையும் மூன்றாம் நாளே பற்ற வைத்துவிட்டேன். போன முறை நிகோடின் சூயிங்கம் மென்றேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். எனக்கு மன உறுதி போதவில்லையா?
— வாசகர், காரைக்குடி

பதில்: மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கடைசி சிகரெட்டை அணைத்த சில மணி நேரத்தில் எரிச்சலும் தவிப்பும் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் அது உச்சத்துக்குப் போகும். அதன்பின் படிப்படியாக இறங்கி மூன்று, நான்கு வாரங்களில் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மலையின் உச்சி வரை ஏறிவிட்டு, இறக்கம் தொடங்கும் இடத்தில் திரும்பியிருக்கிறீர்கள்.

சூயிங்கம் உங்களைக் கைவிட்டதற்குக் காரணம் நீங்கள் மென்ற விதம். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அங்கே அது செய்வது விக்கலும் எரிச்சலும்தான். அது வாயின் உட்சதை வழியாக ஏற வேண்டிய மருந்து. மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை மெல்லுங்கள். மிளகு கடித்தது போல நாக்கில் சுருக்கென்று ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, இந்த முறை அடுத்த கன்னத்தில் ஒதுக்குங்கள். இப்படியே அரை மணி நேரம்.

இன்னொரு தவறு நம் ஊரில் எல்லோரும் செய்வது: ஒரு கையில் காபி, வாயில் சூயிங்கம். காபி, எலுமிச்சைச் சாறு, சோடா போன்ற புளிப்பான பானங்கள் வாயில் இருந்தால் நிகோடின் உள்ளே ஏறாது. மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து, மென்று முடியும்வரை தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி. சூயிங்கம், மற்றவர்களுக்கு 2 மி.கி. 2 மி.கி. மருந்துக் கடையில் நேராகக் கிடைக்கும், 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. தவிப்பு வந்தபிறகு தேடினால் தாமதம். கடிகாரம் பார்த்துப் போடுங்கள். ஐந்து நாள் போட்டுவிட்டு 'சரியாகிவிட்டது' என்று விடுவதால்தான் நிறையப் பேர் இரண்டாவது வாரத்தில் விழுகிறார்கள்.

நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்கள் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையையும் மருத்துவரிடம் கேட்கலாம். 21 மி.கி. ஆறு வாரம், 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். தினமும் வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரே இடத்தில் ஒட்டினால் அரிக்கும். பட்டையும் சூயிங்கமும் சேர்ந்தால் தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் உண்டு. பூப்ரோபியான், வரெனிக்லின் என்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றை நிறுத்தும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்குப் பூப்ரோபியான் ஆகாது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

இனி அந்தக் காலைக் காபி. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காபியில் உள்ள கஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கின்றன. புகையை நிறுத்தினால் அந்த முடுக்கம் நின்றுவிடும். அதே டம்ளர் காபி உடலில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், இரவில் தூக்கம் வராமை எல்லாம் வரும். 'சிகரெட் இல்லாததால்தான்' என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைப்பார்கள். நிறுத்தும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்குங்கள். குடிக்கும் இடத்தையும் மாற்றுங்கள். திண்ணையில் குடித்தவர் வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் உட்கார்ந்து குடியுங்கள்.

ஒரு தவிப்பு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். பெரிய வீடு இருந்தால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை இரண்டு முறை நடந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாகக் குடித்தாலே அது கடந்துவிடும். நிறுத்தும் நாளுக்கு முன்னதாகப் பெட்டிக்கடைக் கணக்கை முடித்துவிடுங்கள். கணக்கு இருக்கும் கடையில் கை தானாக நீளும்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன். மாலை போட்ட நாளிலிருந்து ஒன்றுகூடப் பிடிப்பதில்லை, தவிப்பும் பெரிதாக இல்லை. மாலையைக் கழற்றிய அன்றே பழையபடி. இது ஏன்?
— வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் கேள்வியில் பாதி விடை இருக்கிறது. மாலை போட்டவருக்கு எல்லாமே மாறுகிறது: எழும் நேரம், சாப்பாடு, உடை, கூட வருபவர்கள், படுக்கும் இடம். சிகரெட்டை நினைவூட்டும் பொருள் ஒன்றும் பக்கத்தில் இல்லை. யாரும் 'ஒன்று எடு' என்று நீட்டுவதும் இல்லை. விரதம் ஒரு மாதத்தைத் தாண்டினால் உடலின் நிகோடின் தேவை அநேகமாக முடிந்தே போயிருக்கும். மருந்தே இல்லாமல் நீங்கள் கடந்திருப்பது மிகக் கடினமான பகுதி.

ஆனால் மனதில் விரதத்துக்கு ஒரு முடிவு நாள் குறித்து வைத்திருக்கிறீர்கள். ஊர் திரும்பி, அதே கடை, அதே நண்பர், அதே சாப்பாட்டுக்குப் பிந்தைய அரை மணி நேரம். முதல் சிகரெட்டைத் தேவை கேட்பதில்லை, அந்த இடம்தான் கேட்கிறது. இரண்டாவதைக் கேட்பது நிகோடின். பழகிய மூளைக்குப் பழைய கணக்கு மறக்காது. ஒரு வாரத்துக்குள் பழைய எண்ணிக்கைக்கே போய்விடுவது இதனால்தான்.

அடுத்த முறை மாலை கழற்றும் நாளை மட்டும் தனியாகத் திட்டமிடுங்கள். அன்றும் அடுத்த ஒரு வாரமும் எந்தெந்த இடத்தில், யாரோடு, எந்த நேரத்தில் புகைப்பீர்கள் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் மாற்று ஒன்றை எழுதுங்கள். கூட நடந்தவர்களில் புகைக்காத ஒருவரிடம் பத்து நாள் இரவு பேசுவதாகச் சொல்லிவையுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்தால் ஆலோசகர்கள் தமிழிலும் பேசுவார்கள். விரதத்தின்போதே அழைத்துப் பேசிவைத்தால் கழற்றும் நாள் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

ஒன்று பிடித்துவிட்டீர்கள் என்றால்? பாக்கெட்டில் மீதி இருப்பதை நசுக்கிப் போட்டுவிட்டு அந்த மணி நேரத்திலிருந்தே தொடருங்கள். 'கெட்டது கெட்டுவிட்டது, அடுத்த தைப்பூசத்துக்குப் பார்க்கலாம்' என்ற எண்ணம் அந்த ஒரு சிகரெட்டைவிட அதிகக் கேடு செய்யும்.

கேள்வி: ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை. நாளைக்கு ஒரு கட்டு பீடி. பீடி இலையில் சுற்றியதுதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்கிறார்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் போதாதா?

பதில்: பீடியில் புகையிலை கொஞ்சம், ஆனால் அந்த இலை சரியாக எரியாது. விட்டால் அணைந்துவிடும் என்று அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் கார்பன் மோனாக்சைடு, தார், நிகோடின் எல்லாம் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகும். எண்ணிக்கையைக் குறைத்தால் மீதியை இன்னும் ஆழமாக இழுப்பீர்கள். உடல் தன் நிகோடினை வசூலித்துக்கொள்ளும். குறைப்பது, நிறுத்தும் தேதி ஒன்று குறித்திருந்தால் மட்டுமே உதவும். இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி வையுங்கள்.

சூயிங்கம் உங்கள் வேலைக்குப் பொருந்தும், கல் வார்க்கும்போதும் கன்னத்தில் இருக்கலாம். ஆனால் சிமெண்ட் கையோடு அதைப் பிரித்து வாயில் போடாதீர்கள். காய்ந்த சிமெண்டைச் சலிக்கும்போது முகக்கவசம் போடுங்கள். புகையும் தூசியும் ஒரே நுரையீரலுக்குத்தான் போகின்றன.

கேள்வி: என் வீட்டுக்காரர் பீடியை விட்டு மூன்று வாரம் ஆகிறது. முன்னைவிட இருமல் அதிகம், எதற்கெடுத்தாலும் கோபம், டப்பாவில் இருக்கும் சீடையும் தேன்குழலும் ஒரு நாளுக்குத் தாங்கவில்லை. சர்க்கரை வேறு இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் புகையில் செயலிழந்து கிடந்தன. இப்போது அவை மறுபடி வேலை செய்வதால் தேங்கிய சளி வெளியே வருகிறது. சில வாரம் இருக்கலாம். இருந்தாலும் இவ்வளவு நாள் புகைத்தவருக்கு இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், ஆச்சி. சளியில் ரத்தம் கண்டால் ஒரு நாளும் தள்ள வேண்டாம்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் என்றால், நிறுத்திய முதல் வாரங்களில் அளவு மாற வாய்ப்புண்டு. அடிக்கடி சோதித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிழுப்பு (ஆஸ்துமா), மனநோய், ரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்களும் இதைச் சொல்ல வேண்டும். தியோபிலின், ஒலான்சபின், வார்ஃபரின் போன்றவற்றின் அளவு புகையோடு தொடர்புடையது.

பசி நிஜம். முதல் ஒரு வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். பலகார டப்பாவை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்து, எதிரில் வெள்ளரி, கொய்யா, வறுத்த கடலை வையுங்கள். சாப்பாடு முடிந்ததும் உட்கார விடாமல் தெரு முனை வரை கூட்டிப் போங்கள். 'இன்று பிடித்தீர்களா?' என்று தினமும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி அவர் மறந்திருந்ததையும் நினைவூட்டும். பீடிக்குப் போன பணத்தை அவர் கையாலேயே ஓர் உண்டியலில் போட வைத்து, மாத முடிவில் இருவரும் சேர்ந்து எண்ணுங்கள்.

கேள்வி: கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு வரும்போது புகைக்குப் பதில் கொஞ்சம் புகையிலை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நிகோடின் அதேதான், கூடவே வாய்ப் புற்றுநோய். பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. மரியாதைக்குத் தட்டைத் தொட்டு ஒரு வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு ஏலக்காய் சட்டைப் பையில் இருக்கட்டும்.