எடை வரம்புக்குள் இருந்தால் போதுமா? சிறிய விமானங்களின் பாரக் கணக்கு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: மொத்த எடை சரியாக இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு கணக்கு? மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களே இதற்குப் பதிலாக இருந்தன. விமானத்துக்கும் அதே கதைதான், ஆனால் இங்கே வண்டியை நிறுத்தி மூட்டையை நகர்த்த முடியாது.

கேள்வி: செஸ்னா 172எஸ் விமானத்தில் நாலு சீட் இருக்கிறது, பின்னால் பெட்டி வைக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் நாலு பேர், பெட்டி, ஃபுல் டேங்க் மூன்றும் சேர்ந்து கூடாது என்கிறார் பயிற்றுநர். அப்படியானால் நாலு சீட் எதற்கு?

பதில்: பயிற்றுநர் சொல்வதுதான் சரி. நாலு சீட் என்றால் நாலு பேர் உட்கார இடம் இருக்கிறது, அவ்வளவுதான். கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். இந்த விமானத்தின் அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 2,550 பவுண்டு. உங்கள் விமானத்தின் வெற்று எடை 1,680 பவுண்டு, அதன் ஈர்ப்பு மையம் (சிஜி என்றே சொல்வோம்) டேட்டத்திலிருந்து 40.5 அங்குலத்தில் என்று வைத்துக்கொள்வோம். டேட்டம் என்பது எல்லாத் தூரத்தையும் அளக்கத் தொடங்கும் இடம். அங்கிருந்து ஒரு பொருள் இருக்கும் தூரம்தான் ஆர்ம். எடையை ஆர்மால் பெருக்கினால் வருவது மொமண்ட், பள்ளியில் திருப்புத்திறன் என்று படித்தோமே அதேதான்.

வெற்று விமானம்: 1,680 × 40.5 = 68,040. முன் சீட்டில் இருவர் சேர்ந்து 340 பவுண்டு, ஆர்ம் 37, மொமண்ட் 12,580. பின் சீட்டில் இருவர் 300 பவுண்டு, ஆர்ம் 73, மொமண்ட் 21,900. பெட்டி 60 பவுண்டு, ஆர்ம் 95, மொமண்ட் 5,700. ஒரு சொட்டு எரிபொருள் கூட ஊற்றாமலே 2,380 பவுண்டு ஆகிவிட்டது, மொமண்ட் 108,220. மிச்சம் 170 பவுண்டுதான். அவ்காஸ் (சிறிய விமானங்களுக்கான பெட்ரோல்) ஒரு கேலனுக்கு 6 பவுண்டு, ஆக 28 கேலன் ஊற்றலாம். பயன்படுத்தக்கூடிய 53 கேலனையும் ஊற்றினால் 318 பவுண்டு, அதாவது 148 பவுண்டு அதிகம்.

28 கேலனில் முடித்துக்கொண்டால் (கணக்குக்கு 170 பவுண்டு என்றே வைப்போம்) எரிபொருளின் மொமண்ட் (ஆர்ம் 48) 8,160. மொத்தம் 116,380. இதை மொத்த எடையான 2,550-ஆல் வகுத்தால் 45.6 அங்குலம், அதுதான் ஏற்றிய விமானத்தின் சிஜி. அந்த எடையில் முன் வரம்பு 41.0, பின் வரம்பு 47.3. உள்ளே இருக்கிறது, பறக்கலாம். ஆனால் மணிக்கு 9, 10 கேலன் குடிக்கும் எஞ்சின் இது, கையிருப்பைக் கழித்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகலாம், அதற்கு மேல் போகவேண்டும் என்றால் ஒருவர் இறங்க வேண்டும், அல்லது வழியில் இறங்கி நிரப்ப வேண்டும். ஆளா, பெட்டியா, தூரமா என்று ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

கேள்வி: முன்பாரம், பின்பாரம், இரண்டில் எது மோசம்? பின்பாரம் என்றால் வேகம் கூடும் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: வேகம் கொஞ்சம் கூடுவது உண்மைதான். வழக்கமான விமானத்தில் வால் இறக்கை கீழ்நோக்கி அழுத்தித்தான் மூக்கைத் தூக்கிப் பிடிக்கிறது. சிஜி பின்னால் போகப் போக அந்த அழுத்தம் குறைவாகவே தேவைப்படும், பிரதான இறக்கை சுமக்க வேண்டிய பாரமும் குறையும். அந்த ஆசையில் வரம்பைத் தாண்டிவிடாதீர்கள்.

முன்பாரம் அதிகமானால் விமானம் பிடிவாதமாக நடந்துகொள்ளும். டேக்-ஆஃபில் மூக்கு எழாது, ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும்) கூடும், இறங்கும்போது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) முழுதாக இழுத்தாலும் மூக்கு உயராமல் முன் சக்கரம் முதலில் தரையில் மோதும். இதுவும் ஆபத்துதான், ஆனால் பெரும்பாலும் ஓடுபாதையிலேயே தெரிந்துவிடும். பின்பாரம் அப்படிச் சொல்லிவிட்டு வராது. கண்ட்ரோல் லேசாகி, விரலால் தொட்டாலே மூக்கு எழும், விமானம் ரொம்ப இணக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மூக்கு ஒருமுறை மேலே போனால் தானாகக் கீழே வராது. அந்த நிலையில் ஸ்டால் ஆகி, சுழலவும் ஆரம்பித்தால், மூக்கைத் தாழ்த்துவதற்கு எலிவேட்டரில் பலம் போதாமல் போகலாம். எனவே என் பதில் தயக்கமில்லாமல் பின்பாரம்தான்.

2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸில் மார்ஷ் ஹார்பரிலிருந்து கிளம்பிய செஸ்னா 402 ஒன்று, மேலெழுந்த உடனே விழுந்து, பாடகி ஆலியா உட்பட அதில் இருந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். விசாரணையில் எடை வரம்பைவிட சுமார் 700 பவுண்டு அதிகம், சிஜியும் பின் வரம்புக்கு வெளியே என்று தெரிந்தது. ஏற்றும்போதே ஒருவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருந்தால் காகிதத்திலேயே தெரிந்திருக்கக் கூடிய விஷயம் இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி: 50 பவுண்டு கூடினால் விமானம் தாங்காதா என்ன?

பதில்: விமானத்தின் சட்டகம் உடனே உடைந்துவிடாது. ஆனால் சாதாரணப் பிரிவு விமானங்களுக்குச் சொல்லப்படும் 3.8ஜி (எடையைப்போல் 3.8 மடங்கு விசை) என்ற தாங்கும் வரம்பு அந்த அதிகபட்ச எடையில் இருக்கும்போதுதான். எடை 10 சதவீதம் கூடினால் டேக்-ஆஃப் தூரம் சுமார் 20 சதவீதம் நீளும், ஸ்டால் வேகம் சுமார் 5 சதவீதம் ஏறும். கையேட்டில் உள்ள எந்த அட்டவணையும் வரம்புக்கு மேல் சோதிக்கப்பட்டதல்ல, நீங்கள்தான் அந்தச் சோதனையைச் செய்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

கேள்வி: சில கையேடுகளில் ஆர்ம் மைனஸில் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: இல்லை. டேட்டம் எங்கே என்பது தயாரிப்பாளர் விருப்பம். 172-இல் அது ஃபயர்வாலின் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) முன்பக்கம், எஞ்சின் ஆயில் அதற்கு முன்னால் இருப்பதால் அதன் ஆர்ம் மைனஸ். சில விமானங்களில் டேட்டத்தை மூக்குக்கும் முன்னால் வைத்துவிடுவார்கள், அப்போது எல்லாமே பிளஸ். மைனஸ் குறியை விட்டுவிடாமல் கூட்டினால் போதும்.

கேள்வி: பறக்கப் பறக்க எரிபொருள் தீரும்போது சிஜி மாறாதா? கிளம்பும்போது மட்டும் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது, நல்ல கேள்வி. மேலே போட்ட உதாரணத்தில் எரிபொருள் முழுவதும் தீர்ந்தால் 108,220-ஐ 2,380-ஆல் வகுக்க வேண்டும், 45.5 வரும். நகர்வு மிகச் சிறியது, அதுவும் முன்பக்கம். ஆனால் இதை வைத்து எல்லா விமானமும் இப்படித்தான் என்று நம்பிவிடக் கூடாது. வி-வால் பொனான்ஸா என்ற சிறிய விமானத்தில் டேங்க் இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி, சிஜிக்கு முன்னால் இருக்கிறது. எரிபொருள் தீரத் தீர சிஜி பின்னால் போகும். கிளம்பும்போது வரம்புக்குள் இருந்த விமானம், இறங்கும்போது பின் வரம்பைத் தாண்டியிருக்கலாம். பின் சீட்டில் ஆள் இருந்தால் இது வெறும் சாத்தியமாக இல்லாமல் நிஜமாகவே நடக்கக் கூடியது. ஆகவே டேக்-ஆஃப், லேண்டிங், டேங்க் காலி என்று மூன்று கணக்கு போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: சிஜி அரை அங்குலம் பின்னால் தள்ளி வந்துவிட்டது. எடையைக் குறைக்காமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும், நகர்த்தினால் போதும். விமானத்தின் மொத்த எடையை, சிஜி நகர வேண்டிய தூரத்தால் பெருக்குங்கள். அதைப் பொருளை நகர்த்தும் தூரத்தால் வகுங்கள், எவ்வளவு எடையை நகர்த்த வேண்டும் என்று வந்துவிடும். 2,400 பவுண்டு விமானத்தில் அரை அங்குலம் என்றால் 1,200. பெட்டி இடத்திலிருந்து (95) காலியான முன் சீட்டுக்கு (37) 58 அங்குலம், ஆக 21 பவுண்டு முன்னே வந்தால் சரி. அதையே பின் சீட்டில் (73) வைத்தால் 55 பவுண்டு நகர்த்த வேண்டியிருக்கும். எங்கே வைத்தாலும் இறுகக் கட்டுங்கள், நகர்ந்துவரும் பெட்டி கண்ட்ரோலில் சிக்கிக்கொள்ளும். நகர்த்திய பிறகு கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கையேட்டிலேயே மாதிரிக் கணக்கு இருக்கிறதே, அந்த வெற்று எடையையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அது மாதிரி விமானம், உங்களுடையது அல்ல. புது ரேடியோ, மறு பெயிண்ட், மாற்றிய சீட் எல்லாமே எடையில் ஏறியிருக்கும். விமானத்தோடு இருக்கும் கடைசி எடைப் பதிவை எடுங்கள். பழைய பதிவாக இருந்தால் அதில் ஆயில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில பழைய தாள்களில் வடிக்க முடியாத ஆயில் மட்டும்தான் சேர்ந்திருக்கும். 8 குவார்ட் என்றால் 15 பவுண்டு, அதுவும் மூக்கில்.

கேள்வி: கேலன் எடை ஒரு இடத்தில் 6, இன்னொரு இடத்தில் 7.2 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும். முதலாவது அமெரிக்க கேலன், அடுத்தது இம்பீரியல். லிட்டரில் என்றால் 0.72 கிலோ. ஒரே தாளில் இரண்டு அலகுகளைக் கலக்காதீர்கள்.

கேள்வி: நான் பயணிதான். ஏறும் முன் பைலட் எடை கேட்டார், எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எட்டு கிலோ குறைத்துச் சொன்னேன். தப்பா?

பதில்: சொன்னது தப்பு, ஆனால் எல்லார் முன்னாலும் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. நாலு பேரும் எட்டு எட்டு கிலோ குறைத்தால் 32 கிலோ, கிட்டத்தட்ட 70 பவுண்டு எங்கேயும் எழுதப்படாமல் பறக்கிறது. அடுத்த முறை ஷூ, ஜாக்கெட், கையில் இருக்கும் பை எல்லாம் சேர்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பைலட்டிடம் கொடுத்துவிடுங்கள். பைலட்களே, நீங்களும் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேளுங்கள், அல்லது ஒரு எடைமேடையை ஓரமாக வைத்து நீங்கள் மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.