நிலா முட்டையாகத் தெரிகிறதா?

கேள்வி: பழைய சினிமா கேசட் ஒன்றைக் கொடுத்து வீடியோ ஃபைலாக மாற்றி வாங்கினேன். டிவியில் போட்டால் எல்லோரும் குட்டையாக, உப்பிப்போய்த் தெரிகிறார்கள். கேட்டால், "அதைச் சரிசெய்வது தனி வேலை, தனிக் கட்டணம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதலில் டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 'ஒரிஜினல்' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றிப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? சரி, ஒரு ஸ்கேலை எடுங்கள். முழு நிலாவோ, நேர் எதிரே மாட்டிய கடிகாரமோ வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, திரையிலேயே வைத்து அளங்கள். அகலம் 12 செ.மீ., உயரம் 9 செ.மீ. என்று வந்தால் திருடன் அகப்பட்டான்: 4:3 படத்தை (அகலம் 4, உயரம் 3 என்ற பழைய டிவி அளவு) 16:9-க்கு (இன்றைய அகல டிவி அளவு) இழுத்திருக்கிறார்கள். அந்த இழுப்பு எப்போதும் மூன்றில் ஒரு பங்கு. முகத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அகலத்திரைப் படமுறையான சினிமாஸ்கோப்பின் ஆரம்பகால லென்ஸ்களில் குளோசப் எடுத்தால் முகம் தானாகவே உப்பும். சினிமாக்காரர்கள் அதைப் 'பொன்னுக்கு வீங்கி' என்றே கேலி செய்தார்கள். அது படத்தோடு பிறந்தது, அதில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம், ஃபைலைக் கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திறந்து, 4:3 வரும்வரை 'ஏ' பொத்தானைத் தட்டுங்கள். நிலா வட்டமாகிவிட்டதா? அப்படியானால் படத்துக்குச் சேதமில்லை, அதன் மேல் ஒட்டிய சீட்டுதான் தப்பு. கேசட்டிலிருந்து எடுத்த படம் பெரும்பாலும் 720×576 அல்லது 720×480 பிக்சலில் இருக்கும். இரண்டுமே கணக்குப்படி 4:3 இல்லை. 'இதை 4:3-ஆகக் காட்டு' என்ற குறிப்பு ஃபைலுக்குள் இருந்தால்தான் பிளேயர் சரியாகக் காட்டும். எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் அந்தக் குறிப்பைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம், படத்தின் தரமும் குறையாது. இதற்குத் தனிக் கட்டணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. செய்த வேலையில் விட்ட பிழை, அவர்களே திருத்தித் தரட்டும்.

திருத்த முடியாத கேஸ்களும் உண்டு. தலை உச்சியும் கீழே எழுத்தும் வெட்டுப்பட்டிருந்தால், அகலத்திரையை நிரப்பப் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் கத்தரித்திருக்கிறார்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது ஒரே தூண் நடுவில் ஒல்லியாகவும் ஓரத்தில் பருமனாகவும் தெரிந்தால், ஓரங்களை மட்டும் இழுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே வழி, கேசட்டிலிருந்து மறுபடி எடுப்பதுதான். ஏஐ கொண்டு தெளிவாக்குகிறோம் என்று ஆசை காட்டினால் மயங்காதீர்கள். முட்டை நிலா இன்னும் துல்லியமான முட்டையாகும், அவ்வளவுதான்.

டைட்டிலில் மட்டும் ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாக இருந்தால் மாற்றிக் கொடுத்தவரைக் குறை சொல்லாதீர்கள். சினிமாஸ்கோப் படங்களை 4:3 கேசட்டில் போட்டபோது, பெயர்கள் முழுதாகத் தெரிய டைட்டிலை நெருக்கிவிட்டு, படம் தொடங்கியதும் பக்கங்களை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் தனியாகத் திருத்தச் சொல்லுங்கள்.

மறுபடி எடுப்பதானால், அளவு மாற்றாத, இன்டர்லேஸ் கோடுகளை (படம் ஒற்றைவரி, இரட்டைவரி எனப் பிரித்துப் பதிவாவதால் அசைவில் தெரியும் கோடுகள்) நீக்காத மூல ஃபைலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கோடுகளை நீக்காமல் உயரத்தை மாற்றிவிட்டால், அசைவுகளில் சீப்புப் பல் போன்ற தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிடும்.